தரைக்குத் தந்த அனுமதி தலைக்குச் செல்லுமா?

கொரோனா பரவத் தொடங்கிய நாட்கள். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஒரு சிறு கூண்டுப் பாதை நின்றது. காய்கறி வாங்க வந்தவர்கள் இரு கைகளையும் தூக்கியபடி மூன்று முதல் ஐந்து விநாடி அதற்குள் நடந்தார்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் பனிபோல அவர்கள்மீது இறங்கியது. நாட்டிலேயே முதலாவது என்று செய்திகள் பாராட்டின. அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் சந்தை, பேருந்து நிலையம், அரசு அலுவலகம் என்று இதேபோன்ற சுரங்கங்கள் முளைத்தன.

இரண்டு வாரம் முடிவதற்குள் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகம் இதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. ஆள்மீது இப்படி மருந்து தெளிப்பதால் கிருமி ஒழிவதில்லை, உடலுக்குக் கேடுதான் வரும் என்பது அதன் சாரம். ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகமும் அதையே சொன்னது. மே மாதம் உலக சுகாதார அமைப்பும் எந்த நிலையிலும் மனிதர்மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்றது. உள்ளே தொற்றிய வைரஸை, சட்டைமேல் விழும் குளோரின் தண்ணீர் ஒன்றும் செய்யாது. கண், தொண்டை, தோல் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

சுரங்கம் வைத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஊரே பயந்து கிடந்த நாட்கள் அவை. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு எல்லாருக்கும் இருந்தது. என் கேள்வி சட்டத்தைப் பற்றியது. சோடியம் ஹைப்போகுளோரைட் அரசுக்குப் புதிய பொருளா? மருத்துவமனைத் தரையில் ஊற்றுகிறோம், குடிநீரில் மிகச் சிறிய அளவில் கலக்கிறோம். அதைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அதே பொருளை ஒரு கருவியில் ஏற்றி மனிதர்மேல் தெளிக்கும்போது, 'இதற்கு யார் அனுமதி தந்தார்?' என்று கேட்கும் அலுவலகம் ஒன்று அப்போது இருக்கவில்லை. கிருமிநாசினிச் சட்டங்கள் உலகமெங்கும் சறுக்கும் இடம் இதுதான். ஒரு பொருளுக்கு ஒரு வேலைக்காகத் தந்த அனுமதி, வேறொரு வேலைக்குச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறது.

சட்டங்கள் முதலில் கேட்ட கேள்வி வேறு: இந்த மருந்து கிருமியைக் கொல்கிறதா, கொல்வதாக ஏமாற்றுகிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று தெரிந்தவுடன் கடைகளில் கிருமிநாசினிகள் குவிந்தன. எதற்கு எவ்வளவு வலு என்று அளக்க ஒரு முழக்கோல் இல்லை. 1903-இல் இங்கிலாந்தில் ரிடீல், வாக்கர் என்ற இரு வேதியியலர்கள் ஒன்றைக் கொடுத்தார்கள். டைஃபாய்டு கிருமியை ஒரு பக்கம் பீனால் என்ற பழைய கிருமிநாசினியின் கரைசலிலும், மறுபக்கம் சோதிக்க வேண்டிய மருந்திலும் போடுவது. இரண்டரை நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் உயிரோடு இருந்து, ஏழரை நிமிடத்தில் செத்துப்போகும் அளவுக்கு இரண்டையும் எவ்வளவு தண்ணீர் விட்டு நீர்க்கலாம் என்று பார்ப்பது. பீனாலைவிடப் பத்து மடங்கு நீர்த்த பிறகும் அதே வேலையைச் செய்தால் அந்த மருந்தின் கெழு 10.

இந்தக் கணக்கு இன்றும் நம் வீட்டுக் குளியலறை மூலையில் இருக்கிறது. இந்தியாவின் மருந்து விதிகளில் உள்ள 'அட்டவணை ஓ' கிருமிநாசினித் திரவங்களுக்கானது. கறுப்பு பினாயிலும் வெள்ளை பினாயிலும் இந்த ரிடீல்-வாக்கர் கெழுவை வைத்துத்தான் தரம் பிரிக்கப்படுகின்றன: முதல் தரத்துக்குக் குறைந்தது 18, இரண்டாம் தரத்துக்கு 10, மூன்றாம் தரத்துக்கு 5. மூன்று சக்கர வண்டியில் 'பினாயில், ஆசிட்' என்று கூவிக்கொண்டு வருபவரிடம் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கும் வெள்ளைத் திரவத்துக்கு இந்த எண் எதுவும் கிடையாது. வாசனைதான் அதன் சான்றிதழ். வாசனைக்கும் கிருமி சாவதற்கும் சம்பந்தமில்லை.

ரிடீல்-வாக்கர் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அங்கே கிருமி சுத்தமான நீரில் மிதக்கிறது. நிஜத்தில் அது மலத்திலும் சளியிலும் இரத்தத்திலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 1908-இல் ஹேரியட் சிக் என்ற பெண் அறிவியலரும் மார்ட்டினும் சோதனைக் குழாயில் அழுக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். பல மருந்துகளின் வலு சட்டென்று இறங்கியது. 'எங்கே, எந்த நிலையில் பயன்படுத்தப் போகிறாய்?' என்ற கேள்வி கிருமிநாசினி அறிவியலுக்குள் அப்போதே நுழைந்துவிட்டது. சட்டத்துக்குள் நுழையத்தான் இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அமெரிக்கா இதைக் கையாளும் முறை முதலில் பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கும். மேசை துடைக்கும் கிருமிநாசினி அங்கே சட்டப்படி பூச்சிக்கொல்லி! வயலில் தெளிக்கும் மருந்தும் கழிப்பறையில் ஊற்றும் மருந்தும் 1947-இல் வந்த ஒரே சட்டத்தின்கீழ், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவாக வேண்டும். கையில் தேய்க்கும் சானிடைசரோ மருந்து. அது உணவு மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. எண்டோஸ்கோப் போன்ற கருவிகளை ஊறவைக்கும் வீரியமான திரவங்களும் அதே நிர்வாகத்திடம்தான். ஒரே வேதிப்பொருள் கைக்குப் போனால் ஒரு மேசை, தரைக்குப் போனால் இன்னொரு மேசை. குழப்பமாகத் தெரிந்தாலும் இதில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது: பொருள் எது என்பதைவிட அது எதன்மேல் படப்போகிறது என்பதைக் கேட்டே அங்கே கதவைத் திறக்கிறார்கள்.

அந்தப் பதிவின் உயிர்நாடி லேபிள். மருத்துவமனைக்கு ஏற்றது என்று போட வேண்டுமானால் குறிப்பிட்ட இரண்டு பாக்டீரியாக்களை அது கொல்வதாகச் சோதித்துக் காட்ட வேண்டும். 60 சிறு உருளைகள்மேல் கிருமியைப் பூசி உலர்த்தி, மருந்தில் குறித்த நேரம் முக்கியெடுத்து, பிறகு ஊட்டநீரில் போட்டு முளைக்கிறதா என்று பார்ப்பது இதில் பழைய முறை. இந்தச் சோதனையில் எத்தனை நிமிடம் முக்கினார்களோ அத்தனை நிமிடமும் லேபிளில் ஏறும். பல மருந்துகளுக்கு அது பத்து நிமிடம். அதாவது, மேசை பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துணியால் துடைத்துவிட்டால், லேபிளில் சொன்ன எதற்கும் பொறுப்பில்லை. 'இந்த லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவது கூட்டரசுச் சட்டத்தை மீறுவதாகும்' என்ற வாசகம் ஒவ்வொரு புட்டியிலும் அச்சாகியிருக்கும். துடைக்கும் மருந்தைப் புகைப்பானில் ஊற்றி அறை முழுக்கப் பரப்பலாமா என்று 2020-இல் பலர் கேட்டபோது முகமை சொன்ன பதில் இதிலிருந்தே வந்தது: லேபிளில் அந்த முறை எழுதியிருந்தால் மட்டும் செய்யலாம்.

பதிவு செய்தாலே வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்த முகமையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. விற்பனையில் இருக்கும் கிருமிநாசினிகள் சொன்னபடி வேலை செய்கின்றன என்பதற்கு முகமையிடம் உறுதி இல்லை, ஐந்தில் ஒன்று பயனற்றதாக இருக்கக்கூடும் என்றது அது. நிறுவனம் தானே எடுத்துக் கொடுத்த சோதனை முடிவை நம்பி அனுமதி தந்துவிட்டு, கடைக்கு வந்த புட்டியைத் திரும்ப எடுத்துச் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே சந்தையிலிருந்து புட்டிகளை எடுத்துச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. அனுமதிக்கு முன் ஒரு கண், அனுமதிக்குப் பின் ஒரு கண். இரண்டாவது கண்ணுக்குத்தான் எந்த நாட்டிலும் பணமும் ஆளும் போதுவதில்லை.

கோவிட் வந்தபோது வேறொரு சிக்கல். வைரஸ் புதிது, அதை வைத்துச் சோதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. இதற்கு அமெரிக்கா 2016-லேயே ஒரு வழி எழுதி வைத்திருந்தது. கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்கள் எளிதில் சாகும், உறையில்லாதவை அடம்பிடிக்கும். அடம்பிடிப்பவற்றைக் கொல்லும் என்று ஏற்கெனவே நிரூபித்த மருந்து, உறை போர்த்திய புதுவரவையும் கொல்லும் என்று ஏற்கலாம். கொரோனா வைரஸ் உறை போர்த்தியது. இந்த ஏற்பாட்டால்தான் 2020 மார்ச்சில் நூற்றுக்கணக்கான மருந்துகளை முகமையால் பட்டியலிட முடிந்தது. கொரோனா வைரஸையே வைத்துச் சோதித்த முதல் இரண்டு லைசால் தெளிப்பான்களுக்கு அந்த ஜூலையில்தான் ஒப்புதல் கிடைத்தது. பீதி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே அமைதியாக உட்கார்ந்து எழுதிய ஒரு சிறு விதி இது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த அரசு வேலை அதுதான்.

அதே காலத்தில் மோசடிகளும் பெருகின. கழுத்தில் அட்டைபோல மாட்டிக்கொண்டால் சுற்றிலும் வைரஸ் அண்டாது என்று குளோரின் டை ஆக்சைடு பொதிகள் இணையத்தில் விற்றன. முகமை அவற்றைத் தடுத்ததோடு, 2020 ஜூனில் அமேசான், ஈபே போன்ற பெரிய தளங்களுக்கே விற்பனை நிறுத்த உத்தரவு அனுப்பியது. சானிடைசரில் எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் கலந்து வந்ததும் அப்போதுதான். அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் அதைக் குடித்த 15 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், நால்வர் இறந்தார்கள்.

இனி கருவிகள். கட்டுப்பாடு எங்கும் மெலிந்துபோவது இங்கேதான். அமெரிக்கச் சட்டத்தில் புட்டிக்குப் பதிவு எண் வேண்டும். புற ஊதா விளக்குக்கும் ஓசோன் இயந்திரத்துக்கும் பதிவே தேவையில்லை. தயாரித்த ஆலையின் எண் மட்டும் அதன்மேல் இருந்தால் போதும், பொய் சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். விற்பனைக்கு வருமுன் அது கிருமியைக் கொல்கிறதா என்று அரசு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வாங்குபவரோ அந்த ஆலை எண்ணைப் பார்த்து அரசே ஒப்புதல் தந்ததாக எண்ணிக்கொள்கிறார்.

புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. 254 நானோமீட்டர் அலைநீளத்தில் அது கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. ஆனால் எவ்வளவு ஒளி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது வேலை. நிழல் விழுந்த இடத்தில் எதுவும் நடக்காது. செல்பேசியின் ஒரு பக்கத்தைக் காட்டினால் மறுபக்கம் அப்படியே இருக்கும். புட்டி மருந்துக்கு 'பத்து நிமிடம்' என்று எழுத வைக்கும் சட்டம், கையில் பிடித்து மேசைமேல் ஒருமுறை ஆட்டிவிட்டுப் போகும் விளக்குக்கு எந்தச் சோதனையையும் முன்கூட்டிக் கேட்பதில்லை. 2022 ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் சில கைவிளக்குகளைச் சோதித்தபோது, சில விநாடிகளிலேயே கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் அளவுக்கு அவை கதிரை உமிழ்வது தெரிந்து, பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. அவை அதற்குள் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடத்தில் கொஞ்சம் கூர்மையாக யோசித்திருக்கிறது. 2013 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள அதன் உயிர்க்கொல்லிப் பொருள் விதிமுறை, கருவிக்குள்ளேயே உருவாகும் பொருளையும் கணக்கில் எடுக்கிறது. காற்றிலிருந்து ஓசோன் செய்யும் இயந்திரம் என்றால், அந்த ஓசோனே அனுமதி பெற வேண்டிய கிருமிநாசினி. மேலும் அங்கே பயன்பாடுகளை 22 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: மனித உடல், தரையும் மேசையும், கால்நடைக் கொட்டகை, உணவு படும் இடம், குடிநீர் என்று வரிசையாக. ஒரு வகைக்குக் கிடைத்த ஒப்புதல் மற்ற வகைக்குச் செல்லாது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, நிறுவனங்கள் அலுத்துக்கொள்கின்றன. ஆனாலும் அந்தச் சுவர் ஏன் வேண்டும் என்பதற்கு தென் கொரியாவைவிட வலி மிகுந்த சாட்சி இல்லை.

குளிர்காலத்தில் கொரிய வீடுகளில் காற்று வறண்டுபோகும். குழந்தை படுக்கும் அறையில் ஈரப்பதமூட்டி ஓடும். அதன் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க, தண்ணீரில் சில துளி ஊற்றும் மருந்து 1994-இல் கடைக்கு வந்தது. பிறகு பல நிறுவனங்கள் இறங்கின. அதிகம் விற்றது ஆக்ஸி என்ற பெயரில் வந்தது. அதில் 2000 வாக்கிலிருந்து இருந்த பொருள் பிஎச்எம்ஜி என்ற பாலிமர். 1997-இல் அரசு இதை ஆராய்ந்து, நச்சுப்பொருள் வகையில் வராது என்று அரசிதழில் அறிவித்திருந்தது. ஆராயக் கொடுக்கும்போது சொன்ன பயன்பாடு, கம்பளத்தில் கிருமி வராமல் காப்பது. கம்பளத்தை யாரும் மூச்சில் இழுப்பதில்லை. அதனால் மூச்சில் போனால் என்ன ஆகும் என்ற சோதனை கேட்கப்படவில்லை. தோலில் பட்டாலும் பெரிய கெடுதல் தெரியவில்லை. அந்த ஒற்றை வரித் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் கம்பளத்திலிருந்து ஈரப்பதமூட்டிக்குப் போனது. அது மருந்துச் சட்டத்தின்கீழும் வரவில்லை. சாதாரணக் கடைப் பொருளாக விற்றது. குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்று புட்டியில் எழுதியிருந்தார்கள்.

ஈரப்பதமூட்டி தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக்குகிறது. அதில் கரைந்திருக்கும் எதுவும் நுரையீரலின் ஆழத்துக்கு, காற்றுப்பைகள் வரை போகும். 2011 வசந்த காலத்தில் சியோல் ஆசான் மருத்துவமனைக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற பெண்களும் அடுத்தடுத்து வந்தார்கள். நுரையீரல் இறுகிக்கொண்டே போனது. எந்தக் கிருமியும் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்ட் 31 அன்று மையம் ஈரப்பதமூட்டி மருந்தைச் சுட்டிக்காட்டியது. நவம்பரில் திரும்பப் பெற உத்தரவு வந்தது. பதினேழு ஆண்டு விற்ற பொருள். அரசு முறைப்படி ஏற்ற பாதிக்கப்பட்டோர் மட்டும் 5,000-க்கும் மேல். தன் கையாலேயே அளந்து ஊற்றியதாக ஒரு தாய் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பதை எந்த இழப்பீடும் ஆற்றாது. சட்டத்தைப் பற்றி எழுதும்போது நான் மறக்கக் கூடாது என்று வைத்திருப்பது இதைத்தான்.

நிறுவனங்கள்மீது வழக்குகள் நடந்தன. அரசுக்கும் பொறுப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை வர 2024 ஆனது. சரியாக ஆராயாமல் 'நச்சில்லை' என்று அறிவித்து, அதை அப்படியே விட்டுவைத்தது அரசின் தவறு என்று சியோல் உயர் நீதிமன்றம் பிப்ரவரியில் சொன்னது. ஜூனில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதற்கிடையில் 2019 ஜனவரி முதல் உயிர்க்கொல்லிப் பொருட்களுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டியது விற்பவரின் கடமை. 'நச்சற்றது', 'தீங்கில்லாதது' போன்ற சொற்களை லேபிளில் போடவே கூடாது.

இந்தக் கடைசி விதி கொரியாவில் மட்டும் இல்லை. ஐரோப்பிய விதிமுறையும் 'நச்சற்றது', 'இயற்கையானது' போன்றவற்றைத் தடுக்கிறது. அமெரிக்காவும் பூச்சிக்கொல்லி லேபிளில் 'பாதுகாப்பானது' என்ற சொல்லை அனுமதிப்பதில்லை. உயிரைக் கொல்வதற்கென்றே செய்த பொருளைப் பாதுகாப்பானது என்று சொன்னால், வாங்குபவர் லேபிளின் மீதியைப் படிக்கமாட்டார். நம் ஊரில் 'மூலிகை', '100% பாதுகாப்பு', 'குழந்தைகளுக்கு உகந்தது' என்ற சொற்களோடு தரை துடைக்கும் திரவங்கள் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரப்பதமூட்டிப் புட்டி நினைவுக்கு வருகிறது.

இந்தியாவில் கிருமிநாசினி 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்தின்கீழ் வருகிறது. 2017-இல் வந்த மருத்துவக் கருவிகள் விதிகளில், சட்டப்படி அறிவிக்கப்பட்ட கிருமிநாசினிகளும் 'மருத்துவக் கருவி' என்ற விளக்கத்துக்குள் சேர்க்கப்பட்டன. அதாவது பினாயில் புட்டி சட்டத்தின் கண்ணில் ஒரு மருத்துவக் கருவி. ஆனால் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரம்? 2020 பிப்ரவரி 11-ஆம் தேதி அறிவிக்கை எல்லா மருத்துவக் கருவிகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதில் கிருமிநீக்கம் பற்றி உள்ள வாசகம் 'மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல்'. அறுவைக் கத்தியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இதற்குள் வரும். காய்கறியை, செல்பேசியை, மனிதரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இயந்திரம் இந்த வாசகத்துக்குள் வருவதில்லை. தென்னம்பாளையம் சுரங்கம் நின்றது இந்த இடைவெளியில்தான்.

அது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆள்மேல் கிருமிநாசினி தெளிப்பதையும் புற ஊதாக் கதிர் பாய்ச்சுவதையும் தடை செய்ய வேண்டும் என்று 2020-இல் ஒரு பொதுநல மனு வந்தது. தெளிப்பது கெடுதல், நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று அரசு பதில் சொன்னது. கெடுதல் என்று தெரிந்தும் ஏன் தடை செய்யவில்லை என்று நீதிபதிகள் கேட்டார்கள். பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, மத்திய அரசு அறிவுரைதான் தரும் என்பது பதில். நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு நவம்பர் 5-ஆம் தேதி அதை ஏற்கவில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 அதிகாரத்தை மட்டுமல்லாமல் கடமையையும் தருகிறது. மனிதர்மேல் தெளிப்பதற்கும் கதிர் பாய்ச்சுவதற்கும் தடையோ கட்டுப்பாடோ விதிப்பது பற்றி ஒரு மாதத்துக்குள் உத்தரவு போடுங்கள் என்றது.

அந்தத் தீர்ப்பு பேரிடர்ச் சட்டத்தின் கையைப் பிடித்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. மருந்துச் சட்டத்தின் விளக்கப் பிரிவில் இன்னும் நான்கைந்து சொற்கள் இருந்திருந்தால், ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பே, அந்தக் கூண்டை விற்றவரிடம் ஒரு மருந்து ஆய்வாளர் போய்க் கேட்டிருக்க முடியும்: இது யார்மேல் படுகிறது, எத்தனை விநாடி, மூச்சில் போனால் என்ன ஆகும், சோதித்த தாளைக் காட்டுங்கள்.